கங்காணி சொன்ன ஐந்து பேர்

மருத்துவச்சியம்மா,

இன்று காலை மேல் லயத்து வீட்டு வரிசை வழியாக நடந்து போனேன். ஒரு காம்பராவிலிருந்து பூண்டும் சுக்கும் ஓமமும் நல்லெண்ணெயில் வதங்கும் வாசனை வந்தது. பிள்ளை பிறந்த வீடு என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. இது வலப்பனைப் பக்கத்துத் தோட்டம், நீங்கள் வந்தறியாத இடம். ஆனாலும் அந்த வாசனையோடு நீங்களும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவீர்கள் என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். வந்தது வேறொரு பெண். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. அடக்கத்தன்று அத்தனை பேர் நடுவில் நான் ஒன்றும் பேசவில்லை. பேசாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

தேயிலைக்கு விலை இல்லாமல் போன அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். மலைகளை ஒவ்வொன்றாகக் காடாக விட்டார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது, கூப்பிடாத பேர்களே அதிகமாக இருந்தன. கப்பலேற்றிப் பூர்வீக ஊருக்கே அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு லயத்துக்கு லயம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தப்பால் பையில் அந்தத் தாள் வந்தது. தோட்டத்தில் சித்தம் கலங்கியவர்கள் எத்தனை பேர், யார் யார், எவ்வளவு காலமாக, அவர்களால் பிறருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று அரசாங்கம் கேட்டிருந்தது. கேட்டதில் தவறில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் கேட்டார்களாம். ஆனால் எங்கள் பெரிய துரை அதை வேறு விதமாகப் படித்தார். "நல்லது, முதலில் போக வேண்டியவர்கள் யாரென்று இதிலேயே தெரிந்துவிடும்" என்றார்.

பெரிய கிளாக்கர் காய்ச்சலில் படுத்திருந்தார். எழுத வேண்டியவன் நான். ஆபீசில் உட்கார்ந்து செக்ரோலில் பேர் பதிகிற எனக்கு லயத்துக்குள் யார் எப்படி இருக்கிறார்கள் என்று என்ன தெரியும்? பெரிய கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே ஐந்து பேரைச் சொன்னார். நான் ஐந்து பேரையும் எழுதினேன். ஆபத்து உண்டா என்ற இடத்தில் மூன்று பேருக்கு இல்லை என்றும் இரண்டு பேருக்கு உண்டு என்றும் அவரே சொன்னார். அந்த இரண்டு பேர், அஞ்சலையும் மூக்கனும்.

"அஞ்சலை கவ்வாத்துக் கத்திய எடுத்து என்னய வெட்ட வந்துச்சுங்க. ஆத்துல விழவும் ரெண்டு தரம் போயிருக்கு. மூக்கன் ஆளே இல்லாத எடத்துல பேசிக்கிட்டுத் திரியுறான்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. வேலை முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துரை கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை தப்பாலில் தாள் போய்விட்டது. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று துரை பாராட்டியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை நீங்கள் ஆபீசுக்கு வந்தீர்கள். லயத்துப் பெண்கள் யாரும் ஏறாத அந்தப் படியில் ஏறி, கதவருகே நின்றீர்கள். அதுவரை உங்களோடு நான் பேசியதெல்லாம் பிறப்புக் கணக்குக் கொடுக்க வரும்போது இரண்டு வார்த்தைதான்.

"கிளாக்கரய்யா, பைத்தியம்னு யாரு பேரையோ எழுதி அனுப்பியிருக்கீங்களாமே."

"அரசாங்கம் கேட்டது, எழுதினேன்."

"அதுல அஞ்சல பேரு இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"நீங்க அந்தப் புள்ளயப் பாத்தீங்களா?"

நான் செக்ரோலைப் புரட்டினேன்.

"செத்தே பொறந்துச்சு அதோட கொழந்த. இன்னும் முப்பது நாளு ஆகல. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. அதுக்குப் பேரு பைத்தியமா?"

"கங்காணியைக் கத்தியெடுத்து வெட்டப் போனதாம்."

உங்கள் முகம் அப்போது மாறியது எனக்கு மறக்கவில்லை. கோபமாக மாறும் என்று நினைத்தேன். பயமாக மாறியது.

"ஐயோ, அந்தக் கத்தி நான் வைக்கச் சொன்னதுங்க. பிள்ள பெத்தவ பக்கத்துல இரும்பு ஒண்ணு இருக்கணும், காத்துக் கருப்பு அண்டாதுன்னு சொல்லி, அவ புருசங்கிட்டச் சொல்லித் தலமாட்டுல நான்தான் வைக்க வச்சேன். பிள்ள போன பொறகும் அவ அத விடல. வேலைக்கு வான்னு கங்காணி வந்து கத்தியப் புடுங்கப் பாத்திருக்காரு. இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான் நடந்துச்சு. சடையன் பாத்துக்கிட்டே நின்னான்."

சடையன் அவள் புருஷன். அவனையும் நான் கேட்கவில்லை.

தாளைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டீர்கள். துரை கையெழுத்துப் போட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றேன். நீங்கள் படி இறங்கிப் போனீர்கள். நான் அன்று பிற்பகல் முழுவதும் செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் எழுந்து துரையிடம் போகவில்லை. இதை நீங்கள் இருந்தபோது உங்களிடம் சொன்னதில்லை. எனக்கு வேலை போய்விடும் என்று பயம்.

மறுநாள் பெரட்டு முடிவதற்குள், ஆபத்து உண்டு என்று எழுதிய இரண்டு பேரையும் கொண்டுபோகப் போலீஸ்காரர்கள் இருவர் வந்துவிட்டார்கள். பனி இன்னும் கலையவில்லை. அஞ்சலை சத்தமில்லாமல் அவர்களோடு நடந்தாள். சடையன் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனான். மூக்கன்தான் போக மறுத்தார். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு, ஒடிசலான ஆள். காம்பராக் கதவைப் பிடித்துக்கொண்டு, "பூட்டாம வந்துட்டேன், அவ உள்ளாற இருக்கா" என்று கத்தினார். அவர் மனைவி இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்ததும் அவர் கடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கைகளைக் கட்டினார்கள்.

நீங்கள் ஆபீஸ் படியில் நின்றீர்கள். கையில் நீங்கள் பிறப்புக் கணக்கு எழுதும் புத்தகம், சாக்குத் துணியில் சுற்றியிருந்தது.

"நான் கோர்ட்டுக்குப் போறேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்க வந்தா வாங்க."

கெஞ்சலாகச் சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. நீங்கள் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடையை எடுத்தேன். துரையிடம் சொல்லாமல், ஆபீசைப் பூட்டிச் சாவியைத் தப்பால்காரர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். வட்டகொடை ஸ்டேஷன் போகும் குறுக்குப் பாதையில் பாதி தூரம் ஓடித்தான் உங்களைப் பிடித்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "வழுக்கும், பாத்து வாங்க" என்றீர்கள். 

ரயிலில் அவர்கள் முன் பெட்டியில், நாம் பின் பெட்டியில். நானுஓயா போய்ச் சேருவதற்குள் உங்கள் புத்தகத்தில் இருப்பதை நான் இங்கிலீஷில் எழுதியாக வேண்டும். முன் பக்கங்களில் தோட்டம் கேட்ட கணக்கு இருந்தது: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, உயிரோடா இல்லையா. பின்பக்கமாகத் திருப்பினீர்கள். அங்கே யாரும் உங்களைக் கேட்காத ஒரு கணக்கு இருந்தது. பென்சிலில், கோணல் மாணலான எழுத்தில், பிள்ளை பெற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. தூங்கினாளா, கஞ்சி குடித்தாளா, பால் கட்டியதா, காய்ச்சல் உண்டா, யாரிடம் பேசினாள்.

"இதெல்லாம் எதுக்கு எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"நாப்பது லயம் ஏறி எறங்குறேன். எழுதலேன்னா ஒருத்தியோட காய்ச்சல இன்னொருத்திக்குச் சொல்லிருவேன்."

அஞ்சலையின் பக்கத்தை நீங்கள் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். பெட்டி ஆடியது. மை சிந்திக் கொண்டேயிருந்தது. ஐந்தாம் நாள், பேசவில்லை, கஞ்சி கொஞ்சம் குடித்தாள். ஆறாம் நாள், பேசவில்லை, ஆற்றங்கரையில் நின்றாள், கூட்டிவந்தேன். எட்டாம் நாள், ஆற்றங்கரை. ஒன்பதாம் நாள், ஆற்றங்கரை, நாவல் மரத்தடி. பத்தாம் நாள், அதே இடம். எழுதிக்கொண்டு போனவன் நிறுத்தினேன். கங்காணி சொன்னது சரிதானோ, இதை வாசித்தால் ஆற்றில் விழத்தான் போகிறாள் என்று அவர்களும் சொல்வார்களே என்ற பயம் வந்தது. அந்த வரிகளை விட்டுவிடலாமா என்றுகூட உங்களிடம் கேட்டேன்.

"இருக்கறத எழுதுங்க" என்றீர்கள்.

மறுபடியும் வாசித்தோம். எப்போதும் ஒரே இடம். தண்ணீருக்குள் இறங்கினாள் என்று ஒரு நாளும் இல்லை. மண்ணில் உட்கார்ந்திருந்தாள் என்று இரண்டு நாள். எனக்கு என்ன தோன்றியதோ, "குழந்தையை எங்கே புதைச்சாங்க?" என்று கேட்டேன்.

நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். ராதல்ல தாண்டி ரயில் வளைந்து ஏறிக்கொண்டிருந்தது.

"பெத்தவகிட்ட எடத்தச் சொல்லக் கூடாதும்பாங்க. சடையன்தான் கொண்டு போனான். எனக்கே தெரியாது." பிறகு மெதுவாக, "தேடிக்கிட்டு இருந்திருக்கா, கிளாக்கரய்யா. நான் தெனமும் கையப் புடிச்சு வீட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்."

நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து நுவரெலியாவுக்குப் போனோம்.

நுவரெலியாவில் அன்று குளிர் எலும்பில் ஏறியது. கோர்ட்டில் நீதவானும், அவர் பக்கத்தில் ஒரு டாக்டரும், மொழி பெயர்த்துச் சொல்ல ஒரு முதலியாரும் இருந்தார்கள். நான் எழுதிய தாள் நீதவான் முன்னால் இருந்தது. தூரத்திலிருந்தே என் எழுத்து எனக்குத் தெரிந்தது. அஞ்சலையைக் கேட்டார்கள். அவள் பேசவில்லை. இவளால் ஆபத்து உண்டு என்று எழுதியிருக்கிறதே, இதை எழுதியது யார் என்று நீதவான் கேட்டார்.

 எழுந்து நின்று, நான்தான் எழுதினேன் என்றேன்.

"நீ என்ன பார்த்தாய்?"

"ஒன்றும் பார்க்கவில்லை. இந்தப் பெண்ணை இன்று காலைதான் முதல்முறை பார்க்கிறேன். கேட்டதை எழுதினேன்."

 நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நீங்கள் முன்னால் வந்தீர்கள். ரயிலில் நான் எழுதியதை டாக்டர் வாசித்தார். இடையிடையே உங்களைக் கேள்வி கேட்டார். கத்தியைப் பற்றிக் கேட்டார். நீங்கள் தயங்காமல், "நான் வச்ச கத்திங்க அது, தப்புன்னா என்னயக் கேளுங்க" என்றீர்கள். ஆற்றங்கரைக்கு ஏன் போனாள் என்று கேட்டார்.

"கொழந்தையப் பொதச்ச எடத்தத் தேடித்தாங்க போயிருக்கா. நாங்க யாருமே அவளுக்கு எடத்தச் சொல்லல."

முதலியார் அதை இங்கிலீஷில் சொல்ல வாயெடுக்குமுன் அஞ்சலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது அழுகையென்றே தெரியவில்லை. பிறகு அவள் சடையனைப் பார்த்து, "எங்கய்யா வச்ச? நாவ மரத்துக்கிட்டவா?" என்று கேட்டாள். இருபத்தைந்து நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. சடையன் தலையை ஆட்டிக்கொண்டே தேம்பினான். டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதில்லை, தோட்டத்திலேயே வைத்துப் பார்க்கலாம், மருத்துவச்சி வாரம் ஒருமுறை எழுதியனுப்பட்டும் என்று நீதவானிடம் சொன்னார்.

இங்கே முடிந்திருந்தால் இதை நான் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

அடுத்து மூக்கன். கைக்கட்டு அவிழ்க்கப்பட்டிருந்தது. நீதவான் என்னைத்தான் முதலில் கேட்டார், இவரையும் நீ பார்க்கவில்லையா என்று. இல்லை என்றேன். யாராவது இவரை அறிவீர்களா என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்தப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரியும் இல்லை. அவர் பிள்ளை பெற்றவர் இல்லையே. சடையனுக்கும் முகப் பழக்கம் மட்டும்தான். மூக்கன் தன்பாட்டில், வீட்டைப் பூட்டவில்லை என்றும், தன்னை அரை நாள் கூலிக்கு முழு நாள் வேலை வாங்கினார்கள் என்றும், அதைப் பெரட்டில் துரையிடம் கேட்டதற்குத்தான் கங்காணிக்குக் கோபம் என்றும், அவள் அடுப்பில் உலை வைத்திருப்பாள் என்றும் ஒன்றோடொன்று கலந்து சொல்லிக்கொண்டே போனார். முதலியார் பாதியில் மொழி பெயர்ப்பதை நிறுத்திவிட்டார். போலீஸ்காரர் கையில் பல் பதிந்திருந்தது. டாக்டர் இரண்டு மூன்று கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, இவரைக் கொழும்பில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்கு முன்னால் இருந்தது என் ஒரு வரி.

வெளியே வந்தபோது மூக்கன் உங்களைப் பார்த்து, "தாயி, கதவச் சாத்திருங்க" என்றார். சரி என்றீர்கள். தோட்டம் போய்ச் சேர்ந்ததும் நேரே அவர் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்குப் போனீர்கள்.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். தோட்டத்தைக் கோர்ட்டில் தலைகுனிய வைத்துவிட்டாய் என்றார். மாத முடிவில் எனக்குச் சீட்டுக் கிழிந்தது. நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அதற்குப் பிறகு நாம் சிநேகிதர்களானது. தலவாக்கலைச் சந்தை நாட்களில் நீங்கள் புத்தகத்தைக் கொண்டுவருவீர்கள். பிள்ளை பெற்றவர்கள் மட்டுமல்ல, மனம் சோர்ந்தவர்கள், தனியாகப் பேசுகிறவர்கள், திடீரென்று சிரிக்கிறவர்கள், எல்லோரும் அதில் வந்துவிட்டார்கள். நான் கோடு போட்டுக் கொடுப்பேன். என்ன தலைப்பு என்று கேட்டால் உங்களிடம் பதில் தயாராக இருக்கும்: யார் பிள்ளை, எந்த ஊர், யாரோடு சாப்பிடுகிறார், இப்படி ஆவதற்கு முன்னால் என்ன நடந்தது. பைத்தியம் என்ற சொல்லுக்கு நீங்கள் கட்டம் விடவே இல்லை.

மூக்கனைத் தேடி நாம் கொழும்புக்கு எழுதினோம். அந்தப் பேரில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. நான் இங்கிலீஷில் எழுதிய பேரை வழியில் யார் எப்படி வாசித்தார்களோ, எப்படித் திருப்பி எழுதினார்களோ. தகப்பன் பேர் என்ன, ஊர் எது, உடம்பில் அடையாளம் என்ன என்று கேட்டிருந்தார்கள். என் தாளில் அது ஒன்றும் இல்லை. நீங்கள் எட்டு மாதம் லயம் லயமாகக் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தீர்கள். சேர்த்து அனுப்பியபோது, அப்படிப்பட்டவர் இப்போது இங்கு இல்லை என்று இரண்டு வரி வந்தது. செத்துவிட்டார் என்றும் இல்லை, போய்விட்டார் என்றும் இல்லை.

"ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு வரல" என்றீர்கள் அன்று சந்தையில். "வந்ததையே நெனச்சுக்கிட்டு இருக்க முடியல எனக்கு."

உங்கள் அடக்கத்தன்று உங்களைக் குளிப்பாட்டியது அஞ்சலை. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும், "வாங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் தலையைச் சீவி முடிந்தாள்.

இந்தத் தோட்டத்திலும் நான் கிளாக்கர்தான். யாரைப் பற்றி எழுதச் சொன்னாலும் ஆபீசை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். நேரத்தை வீணாக்குகிறவன் என்று இங்கே எனக்குப் பேர். கொழும்புக்கு எழுதுவதையும் நான் விடவில்லை, வருடத்துக்கு ஒரு கடிதம். மூக்கன், கருப்பன் மகன், முசிறிப் பக்கத்து ஊர், இடது காது மடல் கிழிந்திருக்கும், முழங்காலுக்குக் கீழே அலவாங்குக் கடப்பாரை பட்ட தழும்பு, மழை வந்தால் பாடுவார், மனைவி பேர் செல்லாயி.

போன மாதம் வந்த பதிலில், தேடப்படுகிறவருக்கு நீர் என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் யோசித்தேன். நீங்கள் இருந்திருந்தால் இருப்பதை எழுதுங்கள் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

அவரைப் பார்க்காமல் அவர் பேரை எழுதியவன் என்று எழுதி அனுப்பினேன்.